வாய்ப்பும் மறைதகவலும்: தாயம் முதல் இணைய ரம்மி வரை

ஆய்வுச் சுருக்கம்

விளையாட்டுகளைத் திறன் விளையாட்டு, வாய்ப்பு விளையாட்டு என இரண்டாகப் பகுக்கும் முறை இந்தியச் சட்டத்தில் நிலைபெற்றுள்ளது. ரம்மி எந்தப் பகுப்பில் அடங்கும் என்னும் வினா 1967 முதல் இன்றுவரை நீதிமன்றங்களில் எழுந்துவருகிறது. இவ்விருமைப் பகுப்பு, ஆட்டக்காரர் அறியாத இரு வேறு பொருள்களை ஒன்றாகக் கருதுகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து. உருண்டு நிற்கும் வரை எவருமே அறியாத கவற்றின் முகம் ஒன்று. எதிராளி அறிந்து நாம் அறியாத சீட்டு மற்றொன்று. முன்னது வாய்ப்பு, பின்னது மறைதகவல். தமிழரின் மரபு ஆட்டங்கள், பழந்தமிழ் நூல்கள் தரும் சான்றுகள், இருபதாம் நூற்றாண்டின் ஆட்டக் கோட்பாடு, ரம்மி குறித்த தீர்ப்புகள் ஆகியவற்றைக் கொண்டு இவ்வேறுபாட்டின் வரலாற்றையும் இன்றைய தேவையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கருச்சொற்கள்: வாய்ப்பு, மறைதகவல், சூது, வல்லு, தாயம், ரம்மி, ஆட்டக் கோட்பாடு.

முன்னுரை

2023 நவம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம், தமிழ்நாடு அரசின் இணையவழிச் சூதாட்டத் தடை மற்றும் இணையவழி விளையாட்டுகள் ஒழுங்குமுறைச் சட்டத்தைப் பொதுவில் ஏற்றது. எனினும் ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு விளையாட்டுகளாகக் காட்டிய அதன் அட்டவணையை நீக்கியது. இவ்விரண்டும் திறன் விளையாட்டுகள் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். இணையவழிச் சீட்டாட்டத்தில் பணத்தை இழந்தோர் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் தொடர்ந்து வந்த சூழலில் உருவான சட்டம் அது. ஒரு சீட்டாட்டத்தின் இயல்பு குறித்த வரையறை, இவ்வளவு பெரிய சமூகச் சிக்கலின் அச்சாக அமைந்தது கருதத்தக்கது.

அவ்வரையறையை ஆராய்வதற்குத் தமிழில் உள்ள விளையாட்டு ஆய்வுகள் நேரடியாக உதவவில்லை. தேவநேயப் பாவாணரின் ‘தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்’ (1954) இத்துறையின் முன்னோடி நூல். அது ஆடுவோரின் பால், பருவம், பகல், இரவு ஆகியவற்றைக் கொண்டு விளையாட்டுகளைப் பகுக்கிறது. நாட்டார் வழக்காற்றைத் தொகுக்கும் நோக்கிற்கு அப்பகுப்பு பொருத்தமானதே. ஆயினும் ஓர் ஆட்டத்தில் யார் எதை அறிவார், எதை அறியார் என்னும் நோக்கில் விளையாட்டுகளைப் பார்க்க அதில் இடமில்லை. அந்நோக்கை முன்வைப்பதே இக்கட்டுரை. அமர்ந்து ஆடும் ஆட்டங்கள் மட்டுமே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

பழந்தமிழ்ச் சான்றுகள்: வல்லும் கவறும் கையும்

சூதாட்டக் கருவியைக் குறிக்கும் ‘வல்’ என்னும் சொல் தொல்காப்பியத்திலேயே இடம்பெறுகிறது. எழுத்ததிகாரத்தின் புள்ளிமயங்கியல் இச்சொல்லின் புணர்ச்சியைத் தனியே கூறுகிறது. நாய், பலகை என்னும் சொற்கள் இதனோடு சேரும்போது வல்லுநாய், வல்லுப்பலகை என்றும், வல்லநாய், வல்லப்பலகை என்றும் இருவகையாக வரலாம் என விதிக்கிறது. இங்கு நாய் என்பது ஆட்டக்காய். ஓர் ஆட்டத்தின் காய்க்கும் பலகைக்கும் தனிப் புணர்ச்சி விதி வகுக்கும் அளவிற்கு அச்சொற்கள் வழக்கில் இருந்தன என்பது இதனால் விளங்கும்.

புறநானூற்றின் 52ஆம் பாடல் இவ்வாட்டத்தின் இடத்தைக் காட்டுகிறது. பாழ்பட்ட பொதியிலில், நரைத்த முதியோர் முன்பு ஆடிய வல்லின் காய்கள் தரையில் பதித்த குழிகளில் காட்டுக்கோழி முட்டையிடுவதாக மருதன் இளநாகனார் பாடுகிறார். ஊர் அழிந்ததைச் சொல்ல வந்த புலவர், ஆட்டக்காய் தேய்த்த குழியைச் சான்றாக்குகிறார். ஒரே இடத்தில் நெடுங்காலம் ஆடப்பட்ட ஆட்டம் அது. கீழடி அகழாய்வில் கிடைத்த பகடைக் காய்களும் சுடுமண் ஆட்டக்காய்களும் இவ்விலக்கியச் சான்றுகளோடு வைத்து எண்ணத்தக்கவை.

திருக்குறளின் 94ஆம் அதிகாரமான ‘சூது’ இப்பொருளில் இரு வகையில் இன்றியமையாதது. முதலாவதாக, அவ்வதிகாரத்தின் ஐந்தாம் குறள் கவறு, கழகம், கை என்னும் மூன்றையும் ஒருங்கே சுட்டுகிறது. கழகம் என்பது அங்குச் சூதாடும் களம். கை என்பதற்குப் பரிமேலழகர் ஆடுவதற்கு வேண்டிய கைத்தொழில் எனப் பொருள் காண்கிறார். எனவே, கவறு உருட்டுவதில் கைத்திறனுக்கும் இடமுண்டு என்னும் புரிதல் அக்கால மரபில் இருந்தது. கவறாட்டத்தைத் தூய வாய்ப்பு எனக் கொள்ளும் இன்றைய வழக்கோடு இது மாறுபடுகிறது.

இரண்டாவதாக, அவ்வதிகாரம் தோல்வியை மட்டும் கண்டிக்கவில்லை. வென்று பெறும் பொருளையும் மீன் விழுங்கிய தூண்டிலுக்கு ஒப்பிட்டு விலக்குகிறது. வெற்றி திறனால் வந்ததா, வாய்ப்பால் வந்ததா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. பணயம் வைத்து ஆடும் செயலும் அது ஆடுவோனை மீண்டும் மீண்டும் இழுக்கும் முறையுமே அதன் கவலை. இந்நிலைப்பாட்டின் பொருத்தம் இக்கட்டுரையின் பிற்பகுதியில் தெளிவாகும்.

நளன் கதை: எண்ணத் தெரிந்தவனுக்கு வாய்ப்பு இல்லை

வாய்ப்புக்கும் அறிவுக்கும் உள்ள உறவை நளன் கதை கூர்மையாகக் காட்டுகிறது. மகாபாரதத்தின் வனபருவத்தில் வரும் இக்கதை, தமிழில் புகழேந்தியின் நளவெண்பாவாகவும் அதிவீரராம பாண்டியரின் நைடதமாகவும் விரிந்தது. சூதில் நாட்டை இழந்த நளன், அயோத்தி வேந்தனுக்குத் தேரோட்டியாகிறான். தேர் விரையும்போது அவ்வேந்தன் ஒரு தான்றி மரத்தின் காய்களைக் கண்ட அளவிலேயே எண்ணிக் கூறுகிறான். தன் தேர்க்கலையைக் கொடுத்து அவ்வெண்ணும் கலையைப் பெறுகிறான் நளன். பின்னர்ச் சூதில் நாட்டை மீட்கிறான்.

எண்ணும் கலை எவ்வாறு சூதில் வெற்றி தரும்? வேதகாலச் சூதில் தான்றிக் கொட்டைகளே கருவியாக இருந்தன என்பதும், குவியலிலிருந்து எடுத்தவற்றின் எண்ணிக்கை நான்கால் வகுபடுவதும் மீதிப்படுவதுமே வெற்றி தோல்வியை முடிவு செய்தன என்பதும் இந்தியவியலாளர் பலர் தரும் விளக்கம். அவ்வாறாயின், குவியலை ஒரு நோக்கில் எண்ண வல்லவனுக்கு அது வாய்ப்பாட்டமே அன்று. எண்ண இயலாத எதிராளிக்கு மட்டுமே அது வாய்ப்பு. நிகழ்தகவுச் சிந்தனையின் தோற்றத்தை ஆராய்ந்த இயன் ஹாக்கிங் 1975இல் வெளியிட்ட நூலில் இக்கதையைக் கருத்தில் கொண்டமை இதனாற்றான்.

இக்கதையிலிருந்து ஒரு வரையறையைப் பெறலாம். எவருமே அறிய இயலாதது வாய்ப்பு. ஒருவர் அறிந்து மற்றவர் அறியாதது மறைதகவல். அறியாதவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் ஆட்டத்தின் நேர்மை குறித்த வினா இரண்டிலும் ஒன்றன்று. முன்னதில் இருவரும் ஒரே இருளில் நிற்கின்றனர். பின்னதில் ஒருவர் கையில் மட்டும் விளக்கு இருக்கிறது.

நான்கு ஆட்டங்கள், நான்கு நிலைகள்

வாய்ப்பு உண்டு, இல்லை. மறைதகவல் உண்டு, இல்லை என இரு வினாக்களை இணைத்தால் நான்கு நிலைகள் பிறக்கும். தமிழ்நாட்டில் பரவலாக ஆடப்பட்ட ஆட்டங்களில் நான்கிற்கும் எடுத்துக்காட்டு உண்டு.

முதல் நிலைக்கு ஆடுபுலி ஆட்டம் சான்று. 23 புள்ளிகள் கொண்ட கட்டத்தில் மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் இயங்குகின்றன. இருவர் திறனும் சமமற்ற காய்களைக் கொண்டு சோதிக்கப்படுகிறது. ஆயினும் கட்டத்தில் உள்ள அனைத்தும் இருவர் கண்ணுக்கும் தெரியும். கவறு இல்லை, மறைப்பும் இல்லை. தோற்றவர் தம் கணிப்பையன்றி வேறெதையும் குறைகூற இயலாது. பதினான்கு குழிகளில் ஆடும் பல்லாங்குழியும் இந்நிலையைச் சார்ந்ததே.

இரண்டாம் நிலைக்குத் தாயம் சான்று. இதில் வாய்ப்பு உண்டு, மறைதகவல் இல்லை. நீண்ட நாற்பட்டைத் தாயக்கட்டைகள் இரண்டை உருட்டும் பரவலான வழக்கை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கட்டையிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என நான்கு முகங்கள். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. கட்டைகள் சீரானவை எனக் கொண்டால் 16 விளைவுகள் சமவாய்ப்புடையன. ஒன்று, அதாவது தாயம், இரு வழிகளில் விழும். இரண்டு மூன்று வழிகளில், மூன்று நான்கு வழிகளில், நான்கு மூன்று வழிகளில், ஐந்து இரு வழிகளில், ஆறும் பன்னிரண்டும் ஒவ்வொரு வழியில் விழும். தாயம் விழுந்தாலன்றிக் காய் கட்டத்துள் இறங்காது. ஒரு வீச்சில் தாயம் விழும் நிகழ்தகவு எட்டில் ஒன்று. ஐந்து வீச்சுகளிலும் தாயமே விழாதிருக்கும் நிகழ்தகவு ஏறத்தாழ 51 விழுக்காடு. எனவே, பாதிக்குச் சற்று மேற்பட்ட நேரங்களில் முதல் ஐந்து வீச்சுகள் வீணாகும். ‘தாயம் விழவில்லை’ என்னும் பேச்சுவழக்குப் புலம்பலுக்கு இக்கணக்கே அடிப்படை.

எனினும் தாயத்தில் திறனும் உண்டு. விழுந்த எண்ணைக் கொண்டு எந்தக் காயை நகர்த்துவது, எதிராளியின் காயை வெட்டுவதா, தன் காயை வெட்டுப்படாத கட்டத்தில் சேர்ப்பதா என்னும் தேர்வு ஆட்டக்காரருடையது. எதிராளியின் காய் நம் காய்க்கு மூன்று கட்டம் பின்னால் நிற்பதைவிட ஆறு கட்டம் பின்னால் நிற்பது பாதுகாப்பானது. ஒரே வீச்சில் மூன்று விழ நான்கு வழிகள் உண்டு. ஆறு விழ ஒரு வழியே உண்டு. இக்கணக்கைப் பாடமாகப் படிக்காமலே கைப்பழக்கத்தால் அறிந்தவர்களே தாயத்தில் வல்லவர்கள் எனப்பட்டனர்.

மூன்றாம் நிலைக்கு ‘ஒற்றையா இரட்டையா’ சான்று. ஒருவர் புளியங்கொட்டைகளையோ கழற்சிக்காய்களையோ கைக்குள் மறைத்து நீட்டுகிறார். மற்றவர் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று சொல்கிறார். இங்குக் கவறு இல்லை. கையிலிருப்பதை ஒருவர் நன்கு அறிவார். மணல் கரைக்குள் குச்சியை மறைத்து வைத்துக் கைகோத்து மூடச் சொல்லும் ‘கிச்சுக்கிச்சுத் தாம்பாளம்’ என்பதும் இவ்வகையே. இவற்றைச் சிறுவர் விளையாட்டு எனத் தள்ளிவிடுதல் எளிது. ஆனால் மறைப்பவர் ஒற்றையையே மிகுதியாகத் தேர்பவராயின், எதிராளி அதைக் கண்டுகொண்டு ஒற்றை என்றே சொல்லி வெல்வார். இப்பழக்கத்திலிருந்து தப்ப ஒரே வழி, எந்த ஒழுங்கும் புலப்படாதவாறு மாற்றி மாற்றி வைப்பது. வாய்ப்பு இங்கு ஆட்டத்தின் விதியாக வரவில்லை. ஆட்டக்காரர் தம் மனத்தை மறைக்கக் கையாளும் உத்தியாக வருகிறது.

நான்காம் நிலையில் வாய்ப்பும் மறைதகவலும் கலந்துள்ளன. சீட்டாட்டங்கள் பலவும் இவ்வகையின. பதின்மூன்று சீட்டு ரம்மியில், கலைத்து மூடிவைத்த கட்டில் அடுத்து வரும் சீட்டை எவரும் அறியார், அது வாய்ப்பு. எதிராளியின் கையிலுள்ள சீட்டுகளை அவர் அறிவார், நாம் அறியோம், அது மறைதகவல். அவர் நாம் கழித்த டைமண்ட் 7ஐ எடுத்துக்கொண்டால், அவர் கையில் அதன் அண்டைச் சீட்டுகளோ வேறு ஏழுகளோ இருக்கக்கூடும் என்று அறிகிறோம். அதன்பின் டைமண்ட் 6ஐயும் 8ஐயும் கழிக்கத் தயங்குகிறோம். ரம்மியில் திறன் எனப்படுவதில் பெரும்பகுதி, மறைந்ததைக் குறிப்புகளால் ஊகித்தறியும் இத்திறனே.

கணிதம் கண்ட வேறுபாடு

ஐரோப்பியக் கணிதத்தில் முதலில் ஆராயப்பட்டது வாய்ப்பே. இடையில் நின்றுபோன ஆட்டத்தின் பணயத்தை எவ்வாறு பங்கிடுவது என்னும் சிக்கலைப் பாஸ்கலும் பெர்மாவும் 1654இல் கடிதவழி விவாதித்தனர். அங்கிருந்து வளர்ந்த நிகழ்தகவியலில் எதிராளி என்பவர் இல்லை. கவறு யாரையும் ஏமாற்றுவதில்லை. அதை ஏமாற்றவும் இயலாது.

இருபதாம் நூற்றாண்டில் கவனம் எதிராளியை நோக்கித் திரும்பியது. 1913இல் செர்மெலோ சதுரங்கத்தை எடுத்துக்கொண்டு, அனைத்தும் வெளிப்படையாக உள்ள ஆட்டத்தின் இயல்பைக் கணிதவழி ஆராய்ந்தார். 1928இல் ஜான் வான் நியூமன் எழுதிய கட்டுரை, இருவர் ஆடும் ஆட்டத்தில் ஒருவரின் ஆதாயமே மற்றவரின் இழப்பாகும்போது இருவருக்கும் தகுந்த உத்தி உண்டு என நிறுவியது. ஆனால் அவ்வுத்தி, சில சமயங்களில், வாய்ப்பின் துணையோடு மாற்றி மாற்றி ஆடுவதாக அமையும். ‘ஒற்றையா இரட்டையா’ ஆடும் சிறுவர் பட்டறிவால் கண்டதன் கணித வடிவம் இது.

1944இல் வான் நியூமனும் மார்கென்ஸ்டெர்னும் இணைந்து வெளியிட்ட நூல் போக்கரை விரிவாக ஆராய்ந்தது. நலிந்த சீட்டை வைத்துக்கொண்டு வலுவுடையவர்போல் பணயத்தை உயர்த்தும் செயல், ஆடுவோரின் துணிச்சலையோ குணத்தையோ மட்டும் பொறுத்ததன்று. அது ஆட்டத்தின் அமைப்பிலேயே தேவைப்படுவது என அவர்கள் காட்டினர். ஒருபோதும் பொய்ப்பணயம் வைக்காதவர் பணயத்தை உயர்த்தினால், அவர் கையில் நல்ல சீட்டு இருப்பதை அனைவரும் அறிந்துகொள்வர். உண்மையை மறைக்க இடையிடையே பொய்யும் வேண்டியிருக்கிறது.

கணினி ஆய்வுகளும் இவ்வேறுபாட்டை உறுதிசெய்தன. கவறு உருட்டி ஆடும் பேக்கமன் ஆட்டத்தை, 1990களின் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்தில் ஜெரால்டு டெசாரோ உருவாக்கிய நிரல், தன்னோடு தானே ஆடிக் கற்றுத் தேர்ந்த ஆட்டக்காரர்களை நெருங்கியது. 1997இல் டீப் புளூ சதுரங்கத்தில் காஸ்பரோவை வென்றது. இருவர் ஆடும் வரம்பற்ற பணயப் போக்கரில் தேர்ந்த ஆட்டக்காரர் நால்வரை லிப்ராட்டஸ் என்னும் நிரல் வென்றது 2017இல். ஆட்டங்களின் பருமன் வேறுபடுவதால் இக்கால இடைவெளியை மட்டும் கொண்டு முடிவு கூறல் ஆகாது. ஆனால் முறை வேறுபட்டது. பேக்கமனில் கண்முன் உள்ள நிலையை மதிப்பிட்டால் போதும். போக்கரிலோ எதிராளி என்னென்ன சீட்டுகளை வைத்திருக்கக்கூடும், தன்னைப் பற்றி அவர் என்ன எண்ணக்கூடும் என்பவற்றையும் சேர்த்தே கணிக்கவேண்டும். வாய்ப்பும் மறைதகவலும் வேறுவேறு அறிவுச் சிக்கல்கள் என்பதற்கு இது நடைமுறைச் சான்று.

சட்டத்தின் இருமை

இந்தியச் சட்டம் இவ்வேறுபாட்டைக் கருதவில்லை. 1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் திறன் மட்டுமே சார்ந்த விளையாட்டுகளுக்கு விலக்களித்தது. ‘மட்டுமே’ என்பதற்கு எவ்வளவு பொருள் என்னும் வினா பின்னர் எழுந்தது. 1957இல் பரிசுப் போட்டிகள் குறித்த சமர்பாக்வாலா வழக்குகளில் உச்ச நீதிமன்றம், வெற்றி பெருமளவு திறனைச் சார்ந்திருப்பின் அது சூதாட்டமாகாது என்னும் கருத்தை ஏற்றது.

ரம்மி குறித்த அடிப்படைத் தீர்ப்பு 1967 நவம்பரில் வந்தது. செகந்திராபாத்திலிருந்த ஒரு பொழுதுபோக்கு மன்றத்தில் பணயம் வைத்து ரம்மி ஆடப்பட்டதாகத் தொடுக்கப்பட்ட அவ்வழக்கு, ஆந்திரப் பிரதேச அரசு எதிர் சத்தியநாராயணா என வழங்கும். நீதிபதி இதாயத்துல்லா எழுதிய தீர்ப்பு, விழும் சீட்டுகளை நினைவில் வைக்கவேண்டியிருப்பதையும், எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்னும் தேர்வையும் காட்டி, ரம்மி பெரும்பாலும் திறன் சார்ந்தது என முடிவு செய்தது. சீட்டைக் கலைத்துப் பங்கிடுவதில் உள்ள வாய்ப்பு, பிரிட்ஜ் ஆட்டத்தில் உள்ளதைப் போன்றதே எனவும் கூறியது. அதே தீர்ப்பு, பிளஷ், பிராக் முதலிய பெயர்களில் வழங்கும் மூன்று சீட்டு ஆட்டத்தைத் தூய வாய்ப்பாட்டம் எனக் குறிப்பிட்டது.

இத்தீர்ப்பை மறைதகவல் நோக்கில் வாசித்தால் இரண்டு செய்திகள் புலப்படும். ஒன்று, ரம்மியைத் திறன் விளையாட்டாக்கும் காரணமாக நீதிமன்றம் கண்டது, உண்மையில் மறைதகவலைக் கையாளும் ஆற்றலையே. விழுந்த சீட்டுகளை நினைவில் வைப்பதன் பயன், விழாத சீட்டுகள் எங்குள்ளன என ஊகிப்பதே. மற்றொன்று, மூன்று சீட்டு ஆட்டத்திலும் மறைதகவல் உண்டு. தன் சீட்டைப் பார்த்தவரும் பாராமல் பணயம் வைப்பவரும் மோதும் அவ்வாட்டம், வான் நியூமன் ஆராய்ந்த போக்கருக்கு நெருங்கிய உறவுடையது. ரம்மியில் மறைதகவல் திறனாக எண்ணப்பட்டது. மூன்று சீட்டில் அது வாய்ப்போடு சேர்த்துத் தள்ளப்பட்டது. ஒரே பண்பு ஒரே தீர்ப்பில் இரு பக்கமும் நிற்கிறது.

இத்தடுமாற்றம் பின்னரும் தொடர்ந்தது. 1996இல் லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் குதிரைப் பந்தயத்தைத் திறன் விளையாட்டு எனக் கொண்ட உச்ச நீதிமன்றம், திறனை விளக்கும்போது மேம்பட்ட அறிவு, பயிற்சி, கவனம், பட்டறிவு ஆகியவற்றைச் சேர்த்துக் கூறியது. 2017இல் குஜராத் உயர் நீதிமன்றம் போக்கரை வாய்ப்பு விளையாட்டு என்றது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதையே திறன் விளையாட்டு என்றது. ஆட்டம் மாறவில்லை. மறைதகவலை எந்தப் பக்கம் வைப்பது என்பதில்தான் கருத்து மாறியது.

இணைய மேடையில் அறிபவர் யார்?

ஒரே பாயில் அமர்ந்து ஆடும் ரம்மியில் மூடிய கட்டின் சீட்டுகளை எவரும் அறியார். இணையத்தில் சீட்டைக் கலைப்பது ஆட்டத்தை நடத்தும் நிறுவனத்தின் கணினி. மூடிய கட்டின் வரிசையும் அனைவர் கையிலுள்ள சீட்டுகளும் அக்கணினியில் பதிவாகியுள்ளன. கலைத்தல் முற்றிலும் நேர்மையாக நிகழ்ந்தாலும், தணிக்கை செய்த நிரலே அதைச் செய்தாலும், எவருமே அறியாதது என்னும் நிலை அங்கு இல்லை. வாய்ப்பாக இருந்தது, ஆட்டக்காரர் இருவருக்கும் எதிரே உள்ள மூன்றாமவர் அறியத்தக்க மறைதகவலாக மாறிவிட்டது. ஒவ்வொருவரும் எதைக் கழிக்கிறார், எப்போது துணிகிறார், எவ்வளவு இழந்தபின் மீண்டும் பணம் கட்டுகிறார் என்பனவும் அங்கே சேர்கின்றன.

இணைய ரம்மி குறித்த விவாதத்தில், எதிராளியின் முகக்குறிப்பைக் காண இயலாது, எதிரே ஆடுவது மனிதரா நிரலா என அறிய இயலாது என்னும் வாதங்கள் எழுந்தன. 2023 தீர்ப்பு, இணைய ரம்மி இயல்பிலேயே வேறானது எனக் கொள்ள அரசு போதிய சான்று தரவில்லை எனக் கருதியது. திறன், வாய்ப்பு என்னும் இருமைக்குள் நின்று நோக்கினால் அம்முடிவு முரணற்றது. ஏனெனில் அவ்வாதங்கள் ஆட்டத்தில் வாய்ப்பின் அளவு கூடியதைக் காட்டுவன அல்ல. அவை தகவல் யாரிடம் சென்று சேர்ந்தது என்பதைக் காட்டுவன. அவற்றை எடையிடும் தராசு அச்சட்டத்தில் இல்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. நிறுவனம் ஒவ்வோர் ஆட்டத்திலும் கழிவுத்தொகையை மட்டுமே பெறுவதாயின், யார் வென்றாலும் அதற்கு ஒன்றே. எனவே தான் அறிந்ததைப் பயன்படுத்தும் தேவை அதற்கு இல்லை எனலாம். இம்மறுப்பில் உண்மை உண்டு. ஆனால் அதுவே வேறொரு கணக்கைத் திறக்கிறது. எடுத்துக்காட்டாக, சம திறனுடைய இருவர் ஆளுக்கு 100 ரூபாய் வைத்து ஆட, அதில் பத்து விழுக்காடு கழிவாகப் போகிறது எனக் கொள்வோம். வென்றவர் 180 ரூபாய் பெறுவார். நூறு ஆட்டங்களில் இருவரும் சமமாக வென்றால் ஆளுக்கு 1,000 ரூபாய் இழந்திருப்பர். திறன் குறைந்தவர் இன்னும் விரைவில் இழப்பார். வாய்ப்பாட்டத்தில் நலிந்தவருக்கும் அவ்வப்போது வெற்றி உண்டு. திறனாட்டத்தில், ஆட்டங்கள் பெருகப் பெருக, நலிந்தவரின் தோல்வி உறுதியாகிறது. எனவே திறன் விளையாட்டு என்னும் பெயர், அதை ஆடும் சாதாரண மனிதருக்குப் பாதுகாப்பு அன்று.

1967ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே இதற்கு ஒரு குறிப்பு உண்டு. ரம்மியாயினும் வேறு ஆட்டமாயினும், பணயம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து இடத்துக்குரியவரோ மன்றமோ ஆதாயம் அடைந்தால் குற்றம் எழக்கூடும் என அது கூறியிருந்தது. ரம்மி திறன் விளையாட்டு என்னும் பகுதி அளவிற்கு இப்பகுதி விவாதத்தில் முன்னிற்கவில்லை. பாயில் அமர்ந்து ஆடியோரைக் குறித்த விதி, ஆட்டத்தை நடத்திப் பொருளீட்டுவோருக்கும் கேடயமானது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய இணையவழி விளையாட்டுகள் சட்டம், திறன், வாய்ப்பு என்னும் வேறுபாட்டையே கருதாமல், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தது. ஆட்டத்தின் இயல்பிலிருந்து பணயத்திற்கு நோக்கு மாறியது. திருக்குறளின் சூது அதிகாரம் நின்ற இடமும் பணயமே என்பது முன்னர்க் காட்டப்பட்டது. அறநூலும் தண்டச்சட்டமும் ஒன்றல்ல. ஆனால் இரண்டும் எழுப்பும் வினா ஒன்றாகியிருக்கிறது.

முடிவுரை

வாய்ப்பு, மறைதகவல் என்னும் வேறுபாடு மேலைக் கணிதத்திலிருந்து இரவல் பெற்றாக வேண்டிய ஒன்றன்று. தாயக்கட்டையையும் மூடிய கையையும் நம் சிற்றூர்த் திண்ணைகள் வேறுவேறு ஆட்டங்களாகவே அறிந்திருந்தன. கண்ட அளவில் காய்களை எண்ணிய வேந்தனின் கதை, ஒருவரின் வாய்ப்பு மற்றொருவரின் அறிவாக இருக்கலாம் என்பதை உணர்த்தியது. அவ்வேறுபாட்டிற்குக் கணித வடிவம் தந்ததே ஆட்டக் கோட்பாட்டின் பங்கு.

இந்நோக்கு தமிழ் விளையாட்டு ஆய்விற்கு இரு பணிகளைத் தருகிறது. ஒன்று, பாவாணர் முதலியோர் தொகுத்த ஆட்டங்களை, எது தெரியும், யாருக்குத் தெரியும் என்னும் அடிப்படையில் மீண்டும் வகைப்படுத்துவது. மற்றொன்று, சூது பற்றிய இலக்கியச் சான்றுகளை ஒழுக்கவுரைகளாக மட்டும் கொள்ளாமல், ஆட்டத்தின் அமைப்பை அறிந்தோர் தந்த சான்றுகளாகவும் வாசிப்பது.

சட்டத்திற்கும் இதிலிருந்து ஒரு வினா கிடைக்கிறது. பணயம் வைத்து ஆடும் ஆட்டத்தைக் குறித்து, இதில் திறன் எவ்வளவு, வாய்ப்பு எவ்வளவு என்று மட்டும் கேட்பது போதாது. இருவரும் அறியாததை மூன்றாமவர் எவரேனும் அறிகிறாரா, அவருக்கு இவ்வாட்டத்தில் ஆதாயம் உண்டா என்றும் கேட்கவேண்டும். மூடிய சீட்டுக்கட்டு யாருடைய கையில் இருக்கிறது என்று தெரியாதவரை, அதை ஆடுபவரின் திறனைப் பற்றிய தீர்ப்பு முழுமையடையாது.